துருப்பிடித்த சைலன்சர் போல்டுகளை வீட்டிலேயே கழற்றுவது: கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் வீடு. என் காருக்கும், பிறகு தம்பியின் காருக்கும், அடுத்த தெருவில் மீன் ஏற்றும் வேனுக்கும் சைலன்சர் மாற்றிய நாளிலிருந்து இந்த வேலையைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எஞ்சினிலிருந்து வால் வரை செல்லும் புகைக்குழாய் முழுவதையும் இங்கே வழக்கம்போலச் சைலன்சர் என்றே சொல்கிறேன்.

எங்கள் காருக்கு நான்கு வயதுதான். மதுரையில் மைத்துனரின் கார் எட்டு வருடம் ஓடியும் போல்டெல்லாம் சுத்தமாக இருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

உப்புதான் காரணம். ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்குக் கச்சான் காற்றும் மறுபாதியில் வடகிழக்கு வாடையும் அடிக்கிற ஊர் இது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. எந்தக் காற்று அடித்தாலும் கடலைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அதில் வரும் உப்புத் துகள் காரின் அடிப்பகுதியில் படிந்து, மழையே பெய்யாவிட்டாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, காற்றில் 33 விழுக்காடு ஈரப்பதம் இருந்தாலே நீர்த்துவிடும். நம் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே உங்கள் போல்ட் இரவும் பகலும் நனைந்தபடியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்டுக்கும் நடுவே மரையில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் புகுந்து, சைலன்சர் சூட்டில் வறுபட்டு, சுண்ணாம்புக் காரை பூசியதுபோல இறுகிவிடும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே துரு அரித்து, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு சைலன்சர் போல்ட் எம்மாத்திரம்?

இது வீட்டில் செய்யக்கூடிய வேலையா? பட்டறைக்கே போய்விடுவது நல்லதா?

காருக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்த்த பிறகுதான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஒவ்வொரு போல்டையும் பார்த்து, இதைக் காப்பாற்றியே ஆக வேண்டுமா, போனால் போகட்டும் என்று விடலாமா என்று கேளுங்கள். குழாயின் இரண்டு வட்டத் தகடுகளையும் ஊடுருவி, மறுபக்கம் நட்டு போட்ட போல்ட் என்றால் கவலையே வேண்டாம். அது உடைந்தாலும் வெட்டினாலும் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். எஞ்சினை ஒட்டிப் புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டிலோ, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலோ மரை வெட்டி நேரடியாக முடுக்கிய ஸ்டட் (தலையில்லாத மரைத்தண்டு) அப்படியல்ல. அது உடைந்தால் மரை உள்ளேயே நின்றுவிடும். அதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

பின் சைலன்சரை மட்டும் மாற்றுவதென்றால் பல கார்களில் இரண்டு போல்டும், குழாயைத் தொங்கவிடும் சில ரப்பர் ஹேங்கர்களும்தான். தாராளமாக வீட்டில் செய்யலாம். கன்வெர்ட்டர் வரை கழற்ற வேண்டுமானால், ஸ்டட் உடைந்தால் யாரிடம் போவது என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகு வேலைகள் குவிவதால், லேத் பட்டறைக்காரருக்கு உங்கள் காரைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

ஆறு முனை சாக்கெட், நீளமான கைப்பிடி, நல்ல ரிங் ஸ்பேனர், வயர் பிரஷ், அரைக் கிலோ சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைகளை மட்டும் பிடிக்கும். துருவில் தேய்ந்த தலையை மழுக்கிவிடும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கும். ஜப்பானிய வழி வந்த கார்களில் பெரும்பாலும் 12, 14 மி.மீ. தலைகளும், ஐரோப்பிய வழி கார்களில் 13, 16, 17 மி.மீ. தலைகளும் வரும். தொடங்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைத் தனியே வற்புறுத்துகிறேன். மல்லாந்து படுத்து மேலே தட்டும்போது துருத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

எங்கள் வீட்டு முற்றம் முழுக்க மணல். ஜாக்கி புதைகிறது. செங்கல் அடுக்கி நிறுத்தலாமா?

கூடாது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் எடை தாங்கும்போது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் காருக்கு அடியில் போகக் கூடாது. அது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. இரண்டங்குலக் கனமுள்ள அகலமான பலகையை மணலில் சமமாகப் பதித்து, அதன்மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, அதேபோன்ற பலகைமேல் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிறகு காரின் பக்கவாட்டில் கையை வைத்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி நிறுத்துங்கள்.

இறுகிய போல்டை இழுக்கும் விசை காரையே அசைக்கும். அதனால் முடிந்தால் சிமென்ட் தளம் உள்ள நண்பர் வீட்டைத் தேடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

டபிள்யூடி-40 அடித்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். அசையவே இல்லை. போலிச் சரக்கா?

சரக்கு சரியாகத்தான் இருக்கும். பத்து நிமிடம்தான் போதாது. அந்த எண்ணெய் முதலில் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கப்பட்டது. அதைவிடத் துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் இந்த வேலைக்கு மேல். எதுவானாலும் மரையின் உள்ளே இறங்க நேரம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கழற்றுவதாக இருந்தால் நான் வியாழக்கிழமை மாலையே தொடங்கிவிடுவேன். வயர் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து, அடை அடையாக நிற்கும் துருவை உதிர்ப்பேன். அதன்மேல் எண்ணெய் அடித்தால் துருதான் குடிக்கும், மரைக்கு ஒன்றும் போகாது. சைலன்சர் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். எண்ணெய் விட்டபின் போல்டின் தலையில் சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு முறை நிதானமாகத் தட்டுவேன். அந்த அதிர்வில் துரு மெல்லிய கீறலாக வெடித்து எண்ணெய்க்கு வழி விடும். இதையே காலையும் மாலையும் செய்வேன். கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் மன்றாடிச் சொல்வது இதுதான்: ஆறு தடவை ஊறிய போல்டும் ஒரு தடவை ஊறிய போல்டும் ஒன்றல்ல.

அதற்குப் பதில் மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், எலுமிச்சைச் சாறு?

மண்ணெண்ணெயும் டீசலும் ஓரளவு இறங்கும், அவசரத்துக்கு ஆகும். தேங்காய் எண்ணெய் கெட்டியானது, இறங்காது. எலுமிச்சையும் வினிகரும் துருவைக் கரைக்கும்தான். ஆனால் போல்டைக் கழற்றி அதில் மூழ்க வைத்தால்தான் பலன். மாட்டியிருக்கும் போல்டில் ஊற்றினால் மேலே மட்டும் பளபளப்பாகும், மீதி அமிலம் அங்கேயே தங்கிப் புதிய துருவைக் கொண்டுவரும்.

படுத்துக்கொண்டு பார்த்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்றே குழம்பிப்போகிறது. கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிட்டேனோ?

கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நட்டையோ தலையையோ உங்கள் முகத்துக்கு நேராக வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைதான் கழலும் திசை. நட்டு உங்களுக்கு மறுபக்கம் திரும்பியிருந்தால் அது தலைகீழாகத் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் பக்கத்துக் குழாயில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

முதல் அசைவை மட்டும் வேண்டுமென்றே இறுக்கும் பக்கமாகக் கொடுங்கள், ஒரு நூல் அளவு. துருவின் பிடி அங்கேதான் முதலில் விடும். பிறகு கழலும் பக்கம் கால் சுற்று. எதிர்ப்பு கூடினால் பாதி திரும்பி வந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. நல்லபடியாகக் கழலும் போல்ட் ‘கிரீச்’ என்று கத்தும். மரையின் வாயில் செம்பழுப்புப் பொடி எண்ணெயோடு குழைந்து வெளியே வரும். உடையப் போகிற போல்ட் கத்தாது. கைப்பிடி ரப்பரை முறுக்குவதுபோல் வளைந்து கொடுக்கும், திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் மெத்தென்று நகரும். அந்த மெத்தென்ற உணர்வு கைக்குத் தெரிந்த கணமே நிறுத்திவிடுங்கள். அங்கே திரும்புவது மரையல்ல, போல்டின் தண்டு.

ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகிக் காலால் மிதித்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண எம்8 போல்டை, அதாவது 8.8 வலிமைத் தரத்தில் 8 மி.மீ. தடிமனுள்ள போல்டை, சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில்தான் இறுக்குகிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 60 செ.மீ. நீளப் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் அது 350-ஐத் தாண்டும், அதாவது பதினான்கு மடங்கு. துரு அரித்து இளைத்த தண்டு அதைத் தாங்காது.

நெம்பும் நீளம் தேவைதான், ஆனால் கையால் நிதானமாக இழுப்பதற்காக. வெட்டத் தயாராக இருக்கும் போல்டில் வேண்டுமானால் பைப் போட்டுப் பாருங்கள். காப்பாற்ற வேண்டியதில் வேண்டாம்.

அண்ணே, தலை மழுங்கி ஸ்பேனர் வழுக்குகிறது. இப்போது என்ன செய்வது?

உடனே ஸ்பேனரை எடுத்துவிடுங்கள், தம்பி. இன்னும் இரண்டு முறை வழுக்கினால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. ஓர் அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டைத் தலையின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். இறுக்கமாக ஏறிவிட்டால் பெரும்பாலும் கழலும். ஏறாவிட்டால் அரத்தால் இரண்டு எதிர்ப் பக்கங்களைத் தட்டையாக ராவி, வைஸ் கிரிப்பை (கடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் குறடு) கடிக்க வைக்கலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் அந்தப் போல்ட் வெட்டும் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சூடு வைத்தால் கழலும் என்கிறார்கள். காருக்கு அடியில் நெருப்பா? பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான். பத்து மி.மீ. எஃகு 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.036 மி.மீ. அளவுதான் விரியும். ஆனால் துருவின் பிடியை உடைக்க அந்த மயிரிழையே போதும். போல்டை விட்டுவிட்டு நட்டை மட்டும் சுற்றிலும் சூடாக்க வேண்டும். நட்டு விரிந்து போல்டை விட்டு விலகும். சூடான மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடிவிடும். சற்று ஆறவிட்டுத் திருப்பினால், நான்கு நாள் எண்ணெய்க்கு மசியாததும் மசிவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது கூடாது என்பதை இதைவிடக் கவனமாகப் படியுங்கள். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய், ரப்பர் ஹேங்கர், வயர் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கூடாது. சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. காரில் வீட்டில் செய்யவே கூடாது. அப்போதுதான் துரு எண்ணெய் அடித்த இடத்திலும் கூடாது. துடைத்துக் காயவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரில் நெருப்பு பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும், முதல் உலகப் போரில் ஆயுதமாகவே பயன்படுத்திய வாயு அது. துத்தநாகப் பூச்சுப் போட்ட போல்டின் புகையும் மூச்சுக்கு ஆகாது, குளிர்காய்ச்சல் வரும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மணலுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவு பாடு எதற்கு? இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து வெட்டிவிடலாமே?

ஊடுருவும் போல்ட் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இரண்டு நாள் ஊறியும் மசியவில்லையா, வெட்டுங்கள். நட்டின் ஒரு பக்கத்தை மரை தெரியும் அளவுக்கு நெடுக்காகச் சீவி, வெட்டிய கோட்டில் உளியை வைத்து ஓங்கி ஓர் அடி. நட்டு பிளந்து விழும். இடம் குறுகலாக இருந்தால் ஹேக்சா பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து அறுக்கலாம். கை வலிக்கும், ஆனால் தீப்பொறி பறக்காது. தீப்பொறிக்கும் மேலே சொன்ன டேங்க் எச்சரிக்கை அத்தனையும் பொருந்தும்.

காக்கா, மேனிஃபோல்ட் ஸ்டட் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. கார் போச்சா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டது இது (அங்கே அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள்). போகவில்லை. எனக்கும் நடந்திருக்கிறது. மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு திருமணம். காரைத் தயாராக்கிவிட வேண்டும் என்று, ஒரே ஒரு மாலை ஊறிய ஸ்டட்டைத் திருப்பினேன். மெத்தென்று நகர்ந்ததைக் கை சொன்னது, நான் கேட்கவில்லை. திருமணத்துக்குப் பஸ்ஸில் போனோம்.

தண்டு சிறிதளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் புது நட்டு ஒன்றை வைத்து உள்பக்கமாக வெல்டிங் செய்வதுதான் சிறந்த வழி. வெல்டிங் சூடு துருவின் பிடியை உடைக்கும், நட்டு பிடிமானம் தரும். செம்மை மறைந்து ஆறியபின் முன்னும் பின்னும் அசைத்து எடுக்கலாம். காரில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரானிக் பாகங்கள் பழுதாகலாம்.

தண்டு முகத்தோடு முகமாக உடைந்திருந்தால் நடுப்புள்ளியில் பஞ்ச் அடித்து, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். துளை நடுவே விழாவிட்டால் மரை கெடும். இந்த நிலையில் நான் பட்டறைக்குத்தான் போவேன். ‘ஈசி அவுட்’ என்று கடையில் கிடைக்கும் திருகாணியை உள்ளே விட்டுத் திருப்பாதீர்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது.

ஆக்சிஜன் சென்சாரையும் கழற்ற வேண்டியிருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சாருக்கும் ஊறவைப்பது வரை அதே வழிதான். எண்ணெய் மரையின் வெளிவாயில் மட்டும் படட்டும். வயருக்கு இடம்விட்டுப் பக்கவாட்டில் திறந்த 22 மி.மீ. சாக்கெட் தனியாகக் கிடைக்கும். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, தொட்டால் சுடும் பதத்துக்கு முன்பே நிறுத்தி, அந்த இளஞ்சூட்டில் திருப்பினால் எளிதாக வரும். திரும்ப மாட்டும்போது, மரை பற்றிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் ஆன்ட்டி-சீஸ் பசை சென்சாரின் முனையில் படக் கூடாது. கண்ட சிலிக்கான் பசையையும் அதன் அருகே போடாதீர்கள். ஆவியே சென்சாரைக் கெடுக்கும்.

கன்வெர்ட்டர் ஸ்டட்தானே தொல்லை? கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு நேர் பைப் போட்டால்?

வேண்டாம். புகைச் சான்றிதழ் கிடைக்காது, எஞ்சின் விளக்கு எரியும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைகள்தான்.

புதிதாக எஸ்.எஸ். போல்ட் போட்டுவிட்டால் பிறகு துருவே பிடிக்காதல்லவா?

எஸ்.எஸ். என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துரு குறையும், ஆனால் வேறொரு தொல்லை உண்டு. எஸ்.எஸ். நட்டும் எஸ்.எஸ். போல்டும் உரசும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றிக்கொள்ளும். துருவைவிட மோசமான பிடி அது, எண்ணெய்க்கு அசையாது. ஆகவே நிக்கல் தூள் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசையை மரையில் தடவாமல் மாட்டவே கூடாது. வேகமாகவும் முடுக்கக் கூடாது. கடலோரத்துக்கு 304 தரத்தைவிட 316 தரம் உப்பைத் தாங்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலும் எஸ்.எஸ். கம்பிகளும் தனிப் பூச்சும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. உலோகத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை.

மேனிஃபோல்டில் நான் கம்பெனி ஸ்டட்டும் செம்புப் பூச்சு நட்டுமே போடுகிறேன். அந்தச் சூட்டுக்கென்றே செய்தவை அவை. பசை தடவிய மரை வழுக்கும் என்பதால், கையேட்டில் சொன்ன இறுக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து முடுக்குங்கள். இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகவே போடுங்கள். பழையதைத் திருப்பி வைப்பதில் மிச்சமாகும் பணம் மிகச் சொற்பம்.

எல்லாம் மாட்டிவிட்டேன். புகை கசியவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வெட்டவெளியில் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு. இன்னொருவர் கனத்த துணியால் வால் குழாயைச் சில நொடி பொத்திப் பிடித்தால் ‘டப் டப்’ என்ற சத்தம் கசியும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலை சுற்றும்போது எழுந்து வெளியே வர உடலில் வலு இருக்காது. நூறு கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய நிலையில், போல்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

காரை அதிகம் எடுப்பதே இல்லை, பள்ளிக்கூடம் வரைதான். அப்படியானால் துரு மெதுவாகத்தானே பிடிக்கும்?

இல்லை, வேகமாகப் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது சூட்டில் வெளியேறிவிடும். பள்ளிக்கூடம் வரை ஓட்டி நிறுத்தினால் சைலன்சர் வயிற்றிலேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

அடுத்த முறை இந்தப் பாடு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தனுஷ்கோடி, அரிச்சல்முனை பக்கம் போய் வந்தால் அன்றே காரின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். மீன் ஏற்றும் வண்டியானால் தினமும்; ஐஸ் உருகி வடியும் உப்பு நீர் கடல் காற்றைவிடக் கொடியது. உங்கள் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை. உப்பை உப்பால் கழுவியதாகும். எங்கள் வீட்டில் மாடியிலிருந்து வரும் மழைநீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருக்கிறோம். குழாய் ஆறியபின் அந்த நீரில் இரண்டு வாளி, போல்டுகள் இருக்கும் இடமாகப் பார்த்து அடிக்கிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, வாடை தொடங்கும் முன், ஊடுருவும் போல்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையைத் துடைத்து, பசை தடவித் திரும்ப மாட்டுகிறேன். போன ஐப்பசியில் தம்பியின் காரில் நான்கு போல்டுகளுக்கும் சேர்த்து ஆன நேரம் இருபது நிமிடம்.